வடக்கே போகும் அரிசி, தெற்கே வந்த அரிசி

கும்மிடிப்பூண்டி மார்க்கத்து ரயிலில் ரேஷன் அரிசி பிடிபட்டால், எழுதுகிற மகஜரில் உடைமையாளர் பெயர் அநேகமாக இருக்காது. இருக்கைக்கு அடியில் கேட்பாரற்றுக் கிடந்த சிப்பங்கள், நடைமேடைக் கோடியில் கருவேல முள்ளுக்குள் கேட்பாரற்றுக் கிடந்த மூட்டைகள் என்றுதான் எழுதுவோம். வட்ட வழங்கல் அலுவலராக இருந்த காலத்தில் அப்படி எத்தனையோ மகஜர்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். யாரும் கேட்காத அரிசி தானாக ரயில் ஏறாது. இரண்டு பெஞ்சு தள்ளி ஓர் அம்மாள் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பாள். சிப்பத்தின் சணல் அறுத்து அவள் விரல் இடுக்குகள் காய்த்துப் போயிருக்கும். தன்னுடையது என்று ஒப்புக்கொண்டால் வழக்கு. ஒப்புக்கொள்ளாவிட்டால் அரிசியோடு போயிற்று. எளாவூரிலோ ஆரம்பாக்கத்திலோ வெறுங்கையோடு இறங்கிப் போய்விடுவாள்.

அது வடக்கே, ஆந்திராவுக்குப் போகிற அரிசி. என் அம்மா காலத்தில் இதே தண்டவாளத்தில் அரிசி தெற்கே வந்தது, தடாவிலிருந்தும் சூலூர்ப்பேட்டையிலிருந்தும் பட்டணத்தை நோக்கி. அதைச் சுமந்தவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. 80 ஆண்டுகளில் சட்டத்தின் பெயர் பலமுறை மாறிவிட்டது. சரக்கு போகும் திசை மாறிவிட்டது. பிடிபடுகிறவர் மட்டும் மாறவில்லை. சுமந்த வீட்டில் பிறந்து, பிடிக்கிற வேலையில் ஓய்வு பெற்றவள் என்பதால் இரண்டு பக்கத்துக் கதையும் எனக்குத் தெரியும்.

நான் பிறந்தது காட்டுப்பள்ளி. இன்று அந்தப் பெயரைச் சொன்னால் 2013-ல் இயங்கத் தொடங்கிய துறைமுகமும், கப்பல் கட்டும் தளமும், வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளும்தான் நினைவுக்கு வரும். என் சின்ன வயதில் அது கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவில் நீண்டு கிடந்த மணல் திட்டு. தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காடு. நெல் விளையாத ஊர். மீனைக் கொடுத்து நெல் வாங்கினால்தான் அடுப்பில் உலை ஏறும். பெண்கள் கருவாட்டுக் கூடையோடு கால்வாயைத் தாண்டி மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து ஏரிப்பாசனக் கிராமங்களுக்குப் போவார்கள். அறுப்புக் காலத்தில் களத்துமேட்டுக்கே போய்விடுவார்கள். கருவாட்டுக்கு நெல், மரக்காலால் அளந்து. காசு கைமாறாது. ரேஷன் சட்டம் வந்தபோது எங்கள் பக்கத்தில் முதலில் குற்றமாகிப் போனது இந்தப் பண்டமாற்றுதான்.

சட்டம் வந்த காரணத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். அதுவரை ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் பர்மா அரிசி இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. அது நின்றது. ஏப்ரல் 5-ம் தேதி கொழும்பில் குண்டு விழுந்தது, மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். அடுத்தது சென்னைதான் என்று ஊர் நடுங்கியது. அரசு அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்கு இடம் பெயர்ந்தன. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஜனங்கள் கிடைத்த ரயிலிலும் மாட்டு வண்டியிலும் வெளியேறினார்கள். அந்தச் சித்திரை மாதத்தில் பட்டணத்தில் மீன் வாங்க ஆளில்லாமல் கூடை கூடையாகத் திரும்பி வந்ததை என் ஆயா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஆண்டு வங்காளத்தில் பஞ்சம். ஏறக்குறைய முப்பது லட்சம் பேர் செத்தார்கள். 1943-ல் கிரெகரி தலைமையில் அமைந்த உணவு தானியக் கொள்கைக் குழு, ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்கள் எல்லாவற்றிலும் ரேஷன் வேண்டும், பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம் என்று பரிந்துரைத்தது. பம்பாயில் அந்த மே மாதமே ரேஷன் தொடங்கியிருந்தது. சென்னை நகரத்திலும் அந்த ஆண்டே வந்தது. கல்கத்தாவுக்கு 1944 ஜனவரி கடைசி வரை வரவில்லை. பஞ்சம் தின்று முடித்த பிறகுதான் அங்கே கார்டு கொடுத்தார்கள். சென்னையில் வங்காளம் போல நடக்காமல் போனதற்குக் காரணங்கள் பல. அதில் ரேஷனும் ஒன்று என்று நான் உறுதியாக நம்புகிறேன். வரிசையில் நின்று வாங்கிய அந்த ஒரு ராத்தல், கூலிக்காரனுக்கும் வக்கீலுக்கும் ஒரே அளவாக இருந்தது. எனக்குத் தெரிந்து இந்த நாட்டில் அதற்கு முன் அப்படி எந்தப் பண்டமும் அளக்கப்பட்டதில்லை.

ஆனால் அளப்பது வேறு, அமல்படுத்துவது வேறு. வீடு வீடாகப் போய் வாய்களை எண்ண வேண்டும். கார்டில் ஏறிய பெயர் ஊருக்குப் போனாலும் செத்துப்போனாலும் அடிக்க வேண்டும். கார்டு எந்தக் கடையில் பதிவோ அந்தக் கடையில் மட்டும்தான் அரிசி. அந்தக் கடைக்குள் எத்தனை மூட்டை வந்தது, எத்தனை கார்டுக்குப் போனது, மிச்சம் எவ்வளவு என்று பதிவேடும் மூட்டையும் ஒத்துப் போக வேண்டும். 1904-ல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் அப்போது கை கொடுத்தது. நாற்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதிப் பழகிய கடைகள் அதனிடம் இருந்தன. பட்டணத்தில் இன்றுவரை கூட்டுறவுக் கடைகள் ரேஷன் கடைகளாக இருப்பதன் வேர் அங்கே இருக்கிறது. ஓட்டல்களுக்குத் தனி ஒதுக்கீடு, கல்யாண விருந்துக்குக் கட்டுப்பாடு, கடின உழைப்பாளிகளுக்குக் கொஞ்சம் கூடுதல் என்று உத்தரவுக்கு மேல் உத்தரவு வந்தது. எல்லாவற்றுக்கும் அதிகாரம் இந்தியப் பாதுகாப்பு விதிகளில் 81-ம் விதி. போருக்காக எழுதிய விதி, சோற்றுப் பானைக்குள் நுழைந்தது.

1946-ல் அளவு 12 அவுன்ஸுக்கு இறங்கியது. இன்றைய கணக்கில் 340 கிராம். அதிலும் முழுக்க அரிசி இல்லை. கோதுமை, சோளம், மைலோ என்ற சோள வகை என்று கப்பலில் வந்தது எதுவோ அது. கோதுமையைப் பார்த்தறியாத வீடுகளில் அதை உரலில் இடித்துக் கூழாகக் காய்ச்சினார்கள். கப்பல் தாமதமானால் அதுவும் இல்லை. இந்த நிலையில் நகர எல்லைக்கு வெளியே இருபது மைலில் பொன்னேரி நெல் காய்ந்துகொண்டிருந்தது. பெர்மிட் இல்லாமல் அதை நகரத்துக்குள் கொண்டு போனால் குற்றம்.

நகரத்தின் வடக்கு வாசல் எங்கள் பக்கம். தரையில் கல்கத்தா டிரங்கு ரோடு, 1899-ல் முழுமையடைந்த பெஜவாடா ரயில் பாதை, நீரில் பக்கிங்காம் கால்வாய். கால்வாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1806-ல் பேசில் காக்ரேன் எண்ணூர் வரை வெட்டியதில் தொடங்கி, 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு ஆளை நிறுத்தி அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து, வடக்கே பெத்தகஞ்சாம் வரை தெற்கே மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் ஓடிய நீர்வழி அது. பஞ்ச நிவாரணத்துக்காக வெட்டிய கால்வாயில், அறுபது எழுபது ஆண்டு கழித்து அரிசி ஏற்றிய படகை நிறுத்திச் சோதனை போட்டார்கள். நெல்லூர் அரிசி, ஸ்ரீஹரிகோட்டா விறகு, கரி எல்லாம் அந்த வழியில்தான் பேசின் பிரிட்ஜுக்கு வரும். என் தாத்தா அதில் துடுப்பும் கழியும் போட்டவர். கரி மூட்டைக்கு நடுவில் சின்னச் சின்ன அரிசி முடிச்சு வைத்துக் கொண்டு வருவார்களாம். சிப்பந்தி குத்தூசியை மேல் மூட்டையில் குத்திப் பார்த்துவிட்டுப் போவான். அப்படி வந்த அரிசியைக் கழுவக் கழுவக் கறுப்புத் தண்ணீர் வடியும் என்பாள் ஆயா. வெந்த சோற்றிலும் கரி வாடை போகாதாம். அதையும் அரைப்படி, ஒரு படி என்று வாங்கிப் போக வண்ணாரப்பேட்டையிலிருந்து ஆள் வந்து நிற்கும்.

எங்கள் ஜனங்களுக்குச் சோதனை புதிதல்ல. அதற்கு முன்னால் உப்புக்கு அது இருந்தது. எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர் உப்பளங்களைச் சுற்றிக் காவல். 1889-ம் ஆண்டுச் சென்னை உப்புச் சட்டத்தின்படி, தானாகப் பூத்த உப்பு மண்ணைச் சுரண்டுவதும் குற்றம். மீனுக்கு உப்புப் போட வேண்டும் என்றால் அரசு வேலி போட்ட முற்றத்துக்குள் கொண்டு போய்ப் போட வேண்டும். கடல் ஓரத்தில் இருந்துகொண்டு உப்பை ஒளித்து வைத்த பெண்களுக்கு அரிசியை ஒளிப்பது கைவந்த வேலையாகிப்போனதில் வியப்பில்லை.

கிராமத்துப் பக்கம் நடந்ததையும் சொல்ல வேண்டும். விளைந்த நெல்லில் குடும்பத் தேவைக்கும் விதைக்கும் கழித்துக்கொண்டு மிச்சத்தை அரசு விலைக்குக் கொடுக்க வேண்டும் என்பது கொள்முதல் உத்தரவு. எவ்வளவு விளைந்தது என்று சொல்பவர் யார்? மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும். இரண்டும் பரம்பரைப் பதவிகள். பெரிய மிராசுதார் அவர்களுக்கு உறவாக இருப்பார், அல்லது அவர்களே பெரிய மிராசுதாராக இருப்பார்கள். அவருடைய நெல் கணக்கில் சுருங்கும். குத்தகைக்காரன் வீட்டுக் குதிரில் கை விட்டுத் துழாவுவார்கள். என் ஆயாவுக்குக் கருவாட்டுக்கு நெல் அளந்து கொடுத்த குடியானவப் பெண்கள், தலையாரி வருகிறான் என்று கேள்விப்பட்டால் மரக்காலை வைக்கோல் போரில் சொருகிவிடுவார்களாம். நெல்லை எப்படியாவது சொல்லிச் சமாளிக்கலாம், மரக்கால் வெளியே கிடந்தால் விற்றதற்குச் சாட்சி.

1947 டிசம்பரில், காந்தி கட்டுப்பாடுகளை நீக்கச் சொல்லி வற்புறுத்தியதையடுத்து, பிடி தளர்ந்தது. விலை ஏறவே 1948-ல் மறுபடியும் இறுகியது. 1952 ஏப்ரலில் ராஜாஜி முதலமைச்சரானார். இரண்டே மாதத்தில், ஜூனில், சென்னை மாகாணத்தில் உணவு ரேஷனை எடுத்துவிட்டார். மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் அவருக்குத் துணை நின்றார். பதுக்கிய நெல் வெளியே வந்தது, சோதனைச் சாவடிகள் கலைந்தன. கள்ளுக்கடையை மூடினவரும் அவர்தான், அரிசி வண்டியை அவிழ்த்து விட்டவரும் அவர்தான் என்று ஆயா கையெடுத்துக் கும்பிடுவாள். அவர் கட்சியை அவளுக்குத் தெரியாது. கூடையைத் திறந்து காட்டாமல் கால்வாயைத் தாண்ட முடிந்தது, அது தெரியும்.

ஒன்பது ஆண்டுச் சோதனை முடிந்தது என்று நினைத்தவர்களுக்கு மறு ஆண்டே வேறொரு கோடு விழுந்தது. 1953 அக்டோபர் 1-ம் தேதி ஆந்திரா தனி மாநிலம். ஆரம்பாக்கம் இந்தப் பக்கம், தடா அந்தப் பக்கம். 1960 ஏப்ரல் 1-ம் தேதி மறுபடியும் திருத்தம்: திருத்தணி நமக்கு வந்தது, பொன்னேரி தாலுகாவில் இருந்த சத்தியவேடு அங்கே போனது. ஒரே தாலுகாவில் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர்கள் இரண்டு மாநிலத்தார் ஆனார்கள். 1957-ல் தென் மாநிலங்கள் நான்கையும் ஒரே உணவு மண்டலமாக்கியதால் கொஞ்ச காலம் அந்தக் கோடு அரிசியைத் தடுக்கவில்லை. 60-களின் நடுவில் மண்டலம் உடைந்து மாநிலத்துக்கு மாநிலம் வேலி எழுந்தபோது, கோடு உயிர் பெற்றது.

அந்த ஆண்டுகள் என் நினைவில் இருப்பவை. மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலைப் பார்த்து நாடு காத்துக்கிடந்தது. பிரதமர் சாஸ்திரி திங்கட்கிழமை இரவு சாப்பாட்டை விடச் சொன்னார். 1965 ஜனவரி 14-ம் தேதி இந்திய உணவுக் கழகம் பிறந்தது, அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மறுபடி சட்டப்படியான ரேஷன். கடை வாசலில் விடியற்காலை மூன்று மணிக்குக் கல் வைத்து இடம் பிடிப்பார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம், நெல்லூர்ச் சீமையில், மொளகொலுகுலு நெல் குவிந்து கிடந்தது. விலையில் பெரிய வித்தியாசம். வித்தியாசம் இருக்கிற இடத்தில் ரயிலும் இருந்தால் யாராவது சுமப்பார்கள்.

அம்மா கருவாட்டுக் கூடையோடு காலை பாசஞ்சரில் தடா போவாள். திரும்பும்போது கூடையில் மீன் வாடை மட்டும்தான் இருக்கும். அரிசி இடுப்பில். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, ஒரு சாண் அகலத்துக்கு நீளக் குழாய் தைத்து, மூன்று நான்கு படி அரிசியைக் கெட்டியாக நிரப்பி, பாவாடைக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுவாள். அதற்கு மேல் சேலை. உட்கார முடியாது. தடாவிலிருந்து கதவோரம் நின்றபடியே வருவாள். பேசின் பிரிட்ஜ் வரை போனால் ஆபத்து என்பதால் அத்திப்பட்டிலோ எண்ணூரிலோ வண்டி மெதுவாகும்போது இறங்கிவிடுவார்கள். காத்திருக்கும் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. எங்கள் வேலை முடிச்சை வாங்கிக்கொண்டு ஓடுவது. ஒன்றாக ஓடக் கூடாது, ஆளுக்கொரு பக்கம்.

ஒரு நாள், எந்த நிலையம் என்று சொல்ல வேண்டாம், ஒரு காவலர் லத்தியின் முனையால் அம்மாவின் இடுப்பில் தட்டினார். அரிசிக்கு ஒரு சத்தம் உண்டு.

“ஏம்மா, இடுப்புல இன்னா?”

“புள்ளைங்கய்யா. ஆறு மாசம்.”

“புள்ள சரசரன்னு சத்தம் போடுதா?”

தமிழ்நாட்டுக் காவல் துறையில் பெண்கள் சேர்ந்தது 1973-ல். அதற்கு முன்னால் ஒரு பெண்ணைச் சோதிக்கச் சட்டப்படி பெண் வேண்டும் என்றால், நிலையத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மாளைக் கூப்பிடுவார்கள். வந்தவள் எங்கள் பக்கத்து ஊர்க்காரி. தடவிப் பார்த்துவிட்டு, கையை எடுக்காமல் அம்மாவின் முகத்தையே பார்த்தாளாம். பொய் சொன்னால் அவள் வேலை போகும். உண்மையைச் சொன்னாள். அரிசியும் போனது, மறுநாள் வியாபாரத்துக்கான கூடையும் போனது, அபராதமும் கட்டினோம். அம்மா அந்தப் பெண்மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அடுத்த முறை அவளைப் பார்த்தபோது ஒரு பிடி நெத்திலி கொடுத்துவிட்டு வந்தாள்.

அதே வாரங்களில் டிரங்கு ரோட்டில் லாரிகளும் ஓடின. ஒரு பெர்மிட்டில் தேதியைத் திருத்தித் திருத்தி எத்தனையோ நடை ஓட்டலாம் என்பது சாவடி ஓரத்தில் டீ ஆற்றுகிறவருக்கும் தெரிந்திருந்தது. லாரியைப் பிடித்தால் முதலாளி வருவார், வக்கீல் வருவார், ஆண்டுக்கணக்கில் இழுக்கும். இடுப்பு முடிச்சைப் பிடித்தால் அன்றைக்கே கணக்குத் தீரும். மாத முடிவில் மேலே அனுப்பும் அறிக்கையில் வழக்கு எண்ணிக்கைதான் கட்டத்தில் ஏறும், மூட்டையின் எடை அல்ல. நாற்பது பெண்கள் நாற்பது வழக்கு. ஒரு லாரி ஒரே வழக்கு. பிற்பாடு நானே அந்தக் கட்டத்தை நிரப்பியபோதுதான், லத்தி ஏன் இடுப்பைத் தேடிப் போனது என்பது எனக்கு விளங்கியது.

1967-ல் அரிசி ஓர் ஆட்சியை மாற்றியது. ரூபாய்க்குப் படி அரிசி என்று வாக்குக் கொடுத்த அண்ணா முதலமைச்சராகி, மே மாதம் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் அதைத் தொடங்கினார். நிதி நிலைமை மாநிலம் முழுக்க விரிக்க இடம் தரவில்லை. எங்கள் காட்டுப்பள்ளி பட்டணத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தும் பட்டணம் இல்லை. காசிமேட்டு உறவுக்காரர்கள் கார்டுக்கு வாங்கிய படி அரிசியில் கொஞ்சம் எண்ணூர் தாண்டி எங்களுக்கு வரத் தொடங்கியது அப்போதுதான். அரிசி முதன்முதலாக நகரத்திலிருந்து வெளியே நடந்தது. அரசு எங்கே விலையைத் தாழ்த்துகிறதோ, அங்கிருந்து உயர்ந்த பக்கத்துக்கு அரிசி போகும். 1943-ல் நகரத்தைச் சுற்றிக் காவல் நின்றவர்களும் இதைத்தான் தடுத்துக்கொண்டிருந்தார்கள், எதிர்ப்பக்கமாக.

1972-ல் நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. 1980-ல் பரம்பரைக் கிராமப் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது, அந்த ஒரு காரியத்துக்கு எங்கள் ஊர் அவருக்குக் கடமைப்பட்டது. நான் வருவாய்த் துறையில் சேர்ந்தது அதை ஒட்டிய காலம். அம்மாவைப் பிடித்த காலத்துச் சட்டத்தையும் அதன் பிறகு வந்தவற்றையும் என் மேசையில் வைத்தார்கள்: 1955-ம் ஆண்டு அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம், 1980-ம் ஆண்டுக் கள்ளச்சந்தைத் தடுப்புச் சட்டம், 1982-ம் ஆண்டுக் குடும்ப அட்டை உத்தரவு. பிடிபட்ட அரிசியை 6ஏ பிரிவில் கலெக்டர் பறிமுதல் செய்யலாம். ஆனால் உடைமையாளருக்கு எழுத்தில் காரணம் சொல்லி, அவர் பதிலைக் கேட்ட பிறகுதான். சட்டத்தை எழுதியவர்கள் அப்படிக் கேட்கும் கடமையை அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள். பயத்தில் யாரும் உடைமையாளராக வராததால் அந்தப் பகுதி காகிதத்திலேயே இருக்கிறது.

கடை ஆய்வு எனக்குப் பிடித்த வேலை. உள்ளே போனதும் தராசு முத்திரையைப் பார்ப்பேன். பிறகு மூட்டையை எண்ணுவேன், பதிவேட்டைப் பிறகுதான் திறப்பேன். முதலில் பதிவேட்டைப் பார்த்தால் கண் அந்த எண்ணையே தேடும். இருப்பு குறைந்தால் அபராதம், கூடினாலும் அபராதம், ஏனென்றால் கூடிய அரிசி யாருக்கோ எடை குறைத்துக் கொடுத்தது. வரிசையில் நிற்கும் பெண்களிடம் போன மாதம் எத்தனை கிலோ வாங்கினீர்கள் என்று கேட்டால் போதும், பில்லில் இருப்பதும் பையில் போனதும் ஒன்றா என்று தெரிந்துவிடும். விற்பனையாளர்களையும் குற்றவாளிகளாகப் பார்த்ததில்லை. கிடங்கிலிருந்து மூட்டை வரும்போதே ஒன்றிரண்டு கிலோ குறைந்து வந்தால் அதை அவர்கள் எங்கிருந்து ஈடு கட்டுவார்கள்? அமலாக்கம் மேலிருந்து தொடங்கினால் கடைக்காரர் எடையைக் குறைக்க வேண்டியிராது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து சொல்லியிருக்கிறேன்.

2006-ல் கிலோ 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லை. வருமானச் சான்று கேட்காமல், அரிசி அட்டை வைத்திருக்கும் எல்லோருக்கும். நாட்டிலேயே இதுபோல் பரந்த திட்டங்கள் குறைவு. அதை நடத்தியவர்களில் ஒருத்தி என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதே நேரம், கோட்டுக்கு இந்தப் பக்கம் விலை பூஜ்யம், அந்தப் பக்கம் எந்த அரிசிக்கும் ஒரு விலை. இட்லிக்குப் போக மிச்சத்தை வீட்டுப் பெண் சில ரூபாய்க்குக் கொடுக்கிறாள். ஒரு கிழவி தெருத் தெருவாகச் சேர்க்கிறாள். மொபட்டில் ஒருவன் நிலையத்துக்குக் கொண்டு வருகிறான். ரயிலில் இன்னொருத்தி. எல்லைக்கு அப்பால் மில்லில் பாலிஷ் போட்டு, பளபளக்கும் புதுப் பையில் கட்டினால் அது வேறு அரிசி. சில சமயம் அதே பை லாரியில் தெற்கே திரும்பி வந்து நம் கடைகளிலேயே விற்கிறது. கிழவிக்கும் ரயிலில் வருகிறவளுக்கும் கிலோவுக்குக் கிடைப்பது ஓரிரு ரூபாய். லாபம் முழுக்கப் பாலிஷ் போடும் இடத்தில்.

இன்னொரு வாடிக்கையாளரும் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தைச் சுற்றியும் தகரக் கொட்டகைகளில் தங்கியிருக்கும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளிகள். அவர்கள் கார்டு அவர்கள் ஊரில். கிழவி சேர்த்த அரிசியில் ஒரு பங்கு அவர்கள் பானைக்குப் போனது. சட்டப்படி அது கள்ள விற்பனை. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து ரயில் நின்றபோது கிழவியின் வியாபாரமும் நின்றது. வாரக் கூலி நின்ற கொட்டகைகளில் அரிசியும் இல்லை. டிரங்கு ரோட்டில் எளாவூர் தாண்டி, ஆரம்பாக்கம் தாண்டி, வெயிலில் அவர்கள் வடக்கே நடந்தார்கள். லாரிகளுக்காகப் போட்ட தடுப்புகளில் மனிதர்களை நிறுத்தினார்கள். அந்த வாரங்களில் ஓய்வு பெற்ற நாங்கள் சிலர் வண்டியில் அரிசி ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்தோம். கார்டு எங்கே என்று யாரையும் கேட்கவில்லை.

2020 அக்டோபர் 1 முதல் ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. 2021 ஜூன் 29-ம் தேதி உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களும் ஜூலை முடிவுக்குள் அதைச் செயல்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் இரும்பு பிடித்துத் தேய்ந்த கையின் ரேகையை, கடையில் ரேகை பார்க்கும் சின்ன இயந்திரம் சட்டென்று படிப்பதில்லை. நம் கடைக்காரருக்கு இந்தி வராது, வடக்கிலிருந்து வந்த தொழிலாளிக்குத் தமிழ் வராது, கடை திறந்திருக்கும் நேரத்தில் அவருக்கு ஷிப்டு. சிப்காட் வாசலில் மாலை ஆறு மணிக்கு மேல் திறக்கிற ஒரு நடமாடும் கடையும், அதில் இந்தி தெரிந்த ஒரு பையனும் இருந்தால், கிழவியிடம் வாங்க வேண்டிய அவசியம் அந்தத் தொழிலாளிக்கு இருக்காது.

ரயிலில் நடக்கும் சோதனையையும் நான் நிறுத்தச் சொல்லவில்லை. ரேஷன் அரிசி வெளியே கசிவது நடக்கக் கூடாத காரியம்; வரிசையில் நிற்கிற இன்னொருத்தியின் பங்கு அது. ஆனால் தேடுகிற இடத்தை மாற்ற வேண்டும். எல்லைக்கு அப்பால் ஓர் அரிசி மில் எவ்வளவு ஓடியது என்று அதன் மின்சார மீட்டர் சொல்லும். அந்த மாதம் அது எத்தனை டன் நெல் வாங்கியதாகக் கணக்கு வைத்திருக்கிறது என்பதைக் கொள்முதல் பதிவேடு சொல்லும். நெல் குறைவாகவும் மின்சாரம் அதிகமாகவும் இருந்தால் அங்கே ஏற்கெனவே அரைத்த அரிசி உள்ளே போயிருக்கிறது. மீட்டர் கணக்கு அந்த மாநில மின் நிறுவனத்திடம் இருக்கிறது, பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கும் அதிகாரம் அங்குள்ள வழங்கல் அதிகாரிகளிடம் இருக்கிறது. திருவள்ளூர் கலெக்டர் அலுவலகமும் எல்லைக்கு அந்தப் பக்கத்து மாவட்ட அலுவலகங்களும் மாதம் ஒருமுறை உட்கார்ந்து இந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். எளாவூரிலிருந்து சூலூர்ப்பேட்டைக்கு மின்சார ரயிலில் ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை.